உள்ளே வராதவன்

அந்தக் கதவுக்கு மூளை வைத்தவன் நான்தான். அதனால் அதன் மேல் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்து வேறு யாரையும் திட்ட முடியவில்லை. கார்டைத் தேய்த்தேன். சிவப்பு. கார்டைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தேன். அதே சிவப்பு. மணி ஒன்றேகால்.

எங்களுடையது பார்சல் கம்பெனி. யாருடைய பெட்டி எந்த ஊரில் கிடக்கிறது என்று ஆட்கள் பார்த்துக்கொள்ளும் இணையதளத்தை எழுதியது நான். அது படுத்துக்கொண்டால் தட்டி எழுப்புவதும் நான். அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. பன்னிரண்டு மணிக்கு ஒரு புகார் வந்தது, பார்சல் எண்ணைப் போட்டால் வெறும் வெள்ளைப் பக்கம்தான் வருகிறதாம். பக்கத்தை ஓட்டும் ஸ்கிரிப்ட் எங்கேயோ செத்துவிட்டது, ஏன் செத்தது என்று சொல்ல மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் வெள்ளைப் பக்கம். பத்து நிமிஷ வேலை என்று சொல்லிக்கொண்டே சர்வர் அறைக்கு ஓடினேன். நான் பத்து நிமிஷம் என்றால் எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது.

அறை வாசலில் ஏசி மெக்கானிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாங்க சார், வாங்க" என்றார். கார்டு தேய்க்காமல் அவர் பின்னாலேயே நுழைந்துவிட்டேன். அவர் வேலையை முடித்துத் தன் கார்டைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டார். யாரோ எடை போடாமல் விட்ட ஒரு பார்சலை ஸ்கிரிப்ட் பூஜ்யத்தால் வகுக்கப் பார்த்து விழுந்திருக்கிறது. அதைச் சரிசெய்து முடித்துக் கதவுக்கு வந்தால் இந்தச் சிவப்பு.

காரணம் உடனே புரிந்தது. போன வருஷம் ஒரே கார்டில் மூன்று பேர் போய் வருகிறார்கள் என்று மேனேஜர் குதித்தார். ஒரே மத்தியானத்தில் ஒரு விதி எழுதிக் கொடுத்தேன்: உள்ளே வந்ததாகப் பதிவு இல்லாதவனுக்குக் கதவு வெளியே வழி விடாது. மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே இருந்த திறக்கும் பட்டனையும் நானே ஆள் வைத்துக் கழற்றினேன். கதவைப் பொறுத்தவரை நான் இன்றைக்கு இந்த அறைக்குள் வரவே இல்லை, வராதவன் எப்படி வெளியே போவான்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் இரண்டு மணிக்கு நான் வாலுவின் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். வாலு என் மகள், எட்டு வயது. நானும் அவள் அம்மாவும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. கோர்ட் எனக்கு விட்டுவைத்தது சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. அதற்கும் இந்த மாதம் வந்த இரண்டு சனிக்கிழமையும் தாமதம். போன வாரம் வாசலில் வைத்தே அவள் அம்மா சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரு தடவை லேட்டா வந்தீங்கன்னா வக்கீல்கிட்ட சொல்லி சனிக்கிழமையவே நிறுத்திடுவேன். கொழந்தைய வாசல்லயே நிக்க வைக்கறதுக்கு அப்பா எதுக்கு?"

கதவில் ஒரு கண்ணாடிப் பட்டை உண்டு. அதைத் தட்டித் தட்டிக் கை வலித்த பிறகு ரிசப்ஷன் அக்கா எட்டிப் பார்த்தார். கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு காகிதம் நுழையும் இடைவெளி இருந்தது. நான் உள்ளே தரையில் படுத்தேன், அவர் வெளியே உட்கார்ந்துகொண்டார்.

"என்ன தம்பி, நீங்க போட்ட கதவு உங்களையே புடிச்சு வச்சிருச்சா?"

"அக்கா, கிண்டல் அப்பறம். உங்க கார்டைத் தேய்ங்க."

தேய்த்தார். "செவப்புதான் தம்பி எரியுது."

அக்காவின் கார்டுக்கு அனுமதி உண்டு, அவர் எந்த விதியையும் மீறவில்லை. பிறகு ஏன் சிவப்பு?

"அவசரச் சாவி எங்கக்கா?"

"மேனேஜர் பையில."

"மேனேஜர் எங்க?"

"பிளைட்ல. ராத்திரிதான் எறங்குவார்."

என் போன் எங்கே என்று கேட்கவில்லை. சர்வர் அறைக்குள் போன் கூடாது என்பதும் நம் விதிதான். அது ரிசப்ஷன் மேஜைத் தட்டில் கிடந்தது.

சரி, சர்வர் இங்கேதானே இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, என்னையே உள்ளே வந்ததாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். கதவை நிர்வகிக்கும் பக்கம் பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். சரி என்று உள்ளே அனுப்பியது, உள்ளே இருந்த பக்கம் நீ யார் என்று கேட்டுத் திரும்ப வாசலுக்கே அனுப்பியது. மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி வாசல். ஏழு தடவை. எட்டாவது தடவை மேஜையைக் குத்தினேன், வலித்தது எனக்குத்தான்.

ஒருவன் உள்ளே வந்துவிட்டான் என்பதை சர்வர் எங்காவது குறித்து வைத்தால்தானே அடுத்த பக்கத்துக்கு ஞாபகம் இருக்கும். குறிக்க முடியவில்லை என்றால்? டிஸ்க்கைப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. ஒரு எழுத்து எழுதக்கூட இடமில்லை. அக்காவின் கார்டுக்குச் சிவப்பு எரிந்ததும் அதனால்தான், வருகையை எழுத முடியாவிட்டால் கதவு திறக்காது. மெக்கானிக் போகும்போது கொஞ்சம் இடம் மிச்சம் இருந்திருக்கும். எது இப்படித் தின்று தீர்த்தது என்று தேடினேன். ஒரே ஒரு லாக் கோப்பு, ஸ்கிரிப்ட் செய்வதையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேடு. திறந்தேன்.

வந்துட்டேன். வந்துட்டேன். வந்துட்டேன்.

தேதி, மணி, வந்துட்டேன். அடுத்த வரியிலும் அதே நொடி, வந்துட்டேன். கோடிக்கணக்கான வரிகள்.

மூன்று வாரத்துக்கு முன் கதவு ஸ்கிரிப்டில் ஒரு கோளாறு. அது எந்த வரி வரைக்கும் ஒழுங்காக வருகிறது என்று பார்க்க நடுவில் ஒரு வரி செருகினேன்: இங்கே வந்து சேர்ந்தால் லாக்கில் 'வந்துட்டேன்' என்று எழுது. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கோளாறு சரியானதும் அந்த வரியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அதுவும் சுற்றிச் சுற்றி ஓடும் இடத்தில் வைத்திருந்தேன். யாருமே வராத கதவு நொடிக்குப் பல நூறு தடவை வந்துட்டேன், வந்துட்டேன் என்று மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் இரண்டு மணிக்கு இதே ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாலுவுக்கு போன் போடுவேன். "வந்துட்டேன்மா, தெருமுனைலதான் இருக்கேன்." சொல்லிவிட்டு இன்னும் நாலு வரி தட்டுவேன். கூச்சமே இல்லாமல் சொல்வேன். திரையில் அந்த வார்த்தை ஓடிக்கொண்டே இருந்தது, எனக்குக் காது மடல் சுட்டது.

கோப்பை அழித்தேன். ஒரே அடியில் போய்விட்டது. டிஸ்க்கைப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு. அழித்த கோப்பு கண்ணில் இல்லை, ஆனால் அது அடைத்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு மண்டை காய்ந்தது. வேறு எதை அழிப்பது என்று தேடித் தேடி அரை மணி நேரம் போனது. சுவர்க் கடிகாரம் இரண்டைத் தாண்டியது. ஏசி நல்ல குளிராக ஓடியும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து போய் அந்தக் கதவைக் காலால் உதைத்தேன், பிறகு வெட்கமாக இருந்தது.

இரண்டேகாலுக்கு வெளியே என் போன் அடித்தது.

"தம்பி, 'வாலு'ன்னு வருது. கெளம்பிட்டீங்க, வழியில இருக்கீங்கன்னு சொல்லிடட்டுமா?" என்றார் அக்கா. கெட்ட மனுஷி இல்லை, ஆபீஸில் எல்லோரும் எனக்காக அப்படிச் சொல்லிப் பழகியவர்கள்தான்.

"வேணாம்க்கா. ஸ்பீக்கர்ல போட்டு தரைல வைங்க."

கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தேன்.

"அப்பா, வந்துட்டியா?"

வாய் நுனி வரைக்கும் வந்தது அந்தப் பழைய வார்த்தை. விழுங்கினேன்.

"இல்லமா. வரல. ஆபீஸ்லதான் இருக்கேன். ஒரு ரூம்ல மாட்டிக்கிட்டேன், கதவு தெறக்கல. எப்ப வருவேன்னு தெரியல."



"நெஜமாவா?"

"நெஜமா."

"அப்ப நான் ஷூவக் கழட்டிடறேன்."

"ஷூ போட்டுட்டா இருக்க?"

"நீ வந்துட்டேன்னு போன்ல சொன்னதும் போட்டுக்கிட்டு வாசல் கேட்டுகிட்ட போயி நிப்பேன்ல. இன்னிக்கு உன் போன் வரல, அதான் நானே போட்டுக்கிட்டேன். போன வாரம் நின்னு நின்னு கால் வலிச்சுது." பிறகு சமாதானம் சொல்வது போலச் சொன்னாள். "வரலன்னு சொன்னா பரவால்லப்பா. உக்காந்துக்குவேன்."

போன் அணைந்தது. நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு வருஷம், வாரத்துக்கு ஒரு பொய், ஒவ்வொரு பொய்க்கும் ஒரு குழந்தை ஷூ மாட்டிக்கொண்டு கேட் பக்கத்தில் நின்றிருக்கிறது. படுத்தபடியே அழுதேன்.

"தம்பி, எந்திரிங்க. மொதல்ல வெளிய வர்ற வழியப் பாருங்க" என்றார் அக்கா வெளியிலிருந்து.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் புத்தி வந்தது. கோப்பை நான் அழித்துவிட்டேன், ஆனால் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் அதைக் கையை விட்டு விடவில்லை. அது பிடித்திருக்கும் வரை இடம் காலியாகாது. முதலில் புரோகிராமை நிறுத்தினேன். பிறகு அந்தச் சனியன் பிடித்த வரியை ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி கிளப்பினேன். டிஸ்க்கில் முக்கால்வாசி காலியானது. பாஸ்வேர்டு கொடுத்தேன், நேராக உள்ளே விட்டது. "டிஸ்க் நெறஞ்சிருந்ததுக்கா, இப்ப சரியாயிடுச்சு" என்று வெளியே கத்தினேன். மணி மூன்று.

இனி என்னை உள்ளே வந்தவனாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கதவை நிர்வகிக்கும் அந்தப் பக்கத்தில் வழியே இல்லை. கையால் யாரும் வருகை சேர்க்கக் கூடாது என்று அடைத்ததும் நான்தான். அந்த அடைப்பை உடைக்க ஸ்கிரிப்டைத் திருத்தினேன். அவசரத்தில் எங்கோ ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனது, வந்தது வெள்ளைப் பக்கம். எந்த வரியில் பிழை என்று காட்டாது, பிழைகளை வெளியே காட்டாதே என்று வாயை அடைத்து வைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"தம்பி, நான் ஒருவாட்டி…"

"சும்மா இருங்கக்கா, கவனம் சிதறுது."

வரி வரியாகத் தேடி அரைப்புள்ளியைக் கண்டுபிடித்தேன். பிறகு வேறொரு விதி குறுக்கே விழுந்தது. அதை உடைத்தால் இன்னொன்று. நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. மணி நாலு ஐந்து.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. டிஸ்க் சரியாயிடுச்சுன்னு சொன்னீங்கள்ல. இப்ப என் கார்டைத் தேய்ச்சுப் பாக்கட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தேய்த்துவிட்டார். பச்சை. கதவு திறந்தது. மூன்று மணியிலிருந்தே திறந்திருக்கும், வெளியிலிருந்து ஒரு கார்டு தேய்த்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேலாக அதைத்தான் அவர் சொல்ல வந்திருக்கிறார்.

"ஓடுங்க தம்பி" என்று போனைக் கையில் திணித்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அவரைத் தாண்டி, கார்டு தேய்க்காமலே ஓடினேன். சர்வர் பதிவின்படி அன்று நான் அந்த அறைக்குள் போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போன் போட்டேன். "பஸ்ஸுல இருக்கேன்மா. இன்னும் பாதி வழிகூட வரல."

"சரிப்பா" என்றாள்.

நாலு நாற்பதுக்கு வாசலில் இறங்கினேன். வாலு படியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள், ஷூ இரண்டும் பக்கத்தில் ஜோடியாக இருந்தன. அவள் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

"மூணாவது தடவை" என்றாள்.

"ஆமா" என்றேன். காரணம் எதுவும் சொல்லவில்லை.

"வக்கீல்கிட்ட சொல்லத்தான் போறேன்." மகளை ஒரு தடவை பார்த்தாள். "இன்னிக்கு வரலன்னு நெஜத்தச் சொன்னீங்கன்னும் சொல்றேன். அவர் என்ன சொல்றாரோ பாப்போம். அஞ்சு மணிக்கு உள்ள வந்துடணும்."

இருபது நிமிஷம் இருந்தது. வாலு எழுந்து வந்து என் முகத்தையும் சட்டையில் இருந்த தரை அழுக்கையும் பார்த்தாள். ஷூவைக் கையில் எடுத்தாள், ஆனால் காலில் மாட்டவில்லை.

"இப்ப போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள்.