காலில்லாத நாட்டன்னை

என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். உண்மைதான். காய்காரர் தராசைத் தூக்கினால் என் கண் காயில் இருக்காது, தட்டுக்கு அடியில் இருக்கும். தம்பி பாண்டிராஜ் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன். அம்மா போன பிறகு நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

போன வாரம் ஒரு படத்தைக் கொண்டுவந்து வீட்டுச் சுவரில் ஒட்டினான். கிரீடம் வைத்த ஒரு பெண். ஒரு கையில் விளக்கு, மறு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி.

"வெலோரியா நாட்டு அன்னை, அக்கா. நமக்குப் பாரத மாதா மாதிரி அவுகளுக்கு இது. கண்ணாடி எதுக்குன்னா, அங்கன யாரும் பொய் சொல்ல மாட்டாக. நான் அங்கதான் வேலைக்குப் போறேன். ஊர்க்காவலனையும் கூட்டிட்டுப் போறேன்."

ஊர்க்காவலன் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயின் ஒரே மகன். அவள் பட்டாசு ஆலைக்குப் போகிறவள். மகன் மட்டும் அந்த ஆலை வேனில் வேலைக்கு ஏறிவிடக் கூடாது என்று வேண்டாத சாமி இல்லை.

"ஏலே, போன்ல தேடினா அப்படி ஒரு நாடே வரலியே?"

"புதுசா பிரிஞ்ச தீவுக்கா. மதுரை ஏஜென்ட் சொல்லிட்டாரு."

அந்த ஏஜென்ட்டை யாரும் கண்ணால் கண்டதில்லை. பேசுவதெல்லாம் பாண்டிராஜ்தான். வேலிக்கு ஓணான் சாட்சி! எவனோ என் தம்பியை ஏமாற்றுகிறான் என்றுதான் நினைத்தேன்.

படமும் சரியில்லை. அந்தப் பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் நீலம். நான் சிவகாசி அச்சகத்தில் காலண்டர் அட்டையில் தேதித்தாள் கட்டு ஒட்டுகிறவள். கட்டு மறைக்கப்போகிற இடத்தில் காலை வரைந்து என்ன பயன் என்று எங்கள் பக்கம் மேலேயே முடித்துவிடுவார்கள். காலண்டருக்குச் சரி. ஒரு நாடு தன் தாயை அப்படியா வரையும்?

"அவ நாட்டை விட்டு நகர மாட்டாக்கா, அதான் காலில்லை" என்றான். பதில் சட்டென்று வந்தது. அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அச்சகத்தில், படம் போடுகிற சுகிர்தாவிடம் போனில் எடுத்ததைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"இது நான் போட்ட படமாச்சேக்கா! போன சீசன்ல ஒரு பட்டாசு கம்பெனிக்காரக, சாமி படம் வேண்டாம், இல்லாத நாடா நாலு கற்பனை பண்ணி, வீரத்துக்கு ஒருத்தி, உழைப்புக்கு ஒருத்தின்னு அன்னை படமா போட்டுக் குடுங்கன்னாக. கடைசியில முருகனே போதும்னுட்டாக. இவதான் வாய்மை. ஒங்களைக் கூப்பிட வந்தப்ப ஒங்க தம்பி ஆசையா கேட்டாக, மிச்ச சாம்பிளைக் குடுத்தேன். நாட்டுக்கு என்ன பேரு, கண்ணாடிக்கு என்ன அர்த்தம்னு அம்புட்டையும் கேட்டுக்கிட்டாக."

கையில் பசை காய்ந்து இறுகியது கூடத் தெரியாமல் நின்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், சின்னத்தாய் அந்தப் படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஆத்தா, எம் பிள்ளையைக் கண்ணா பாத்துக்கோ." கும்பிட்டு முடித்து, ஏஜென்ட்டுக்குக் கட்டவேண்டிய பணத்துக்கென்று காதுத் தோட்டைத் திருகிக் கழற்றிப் பாண்டிராஜிடம் நீட்டினாள்.

"மதினி, குடுக்காதீக! இப்படி ஒரு நாடே கெடையாது."

அவள் முகம் கறுத்துவிட்டது. "ஏன் பொன்மணி, ஒந்தம்பி போனா இனிக்கும், எம் மகன் போனா கசக்குதாக்கும்?"

"அக்காவுக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம் மதினி" என்று பாண்டிராஜ் சிரித்தான். தோட்டை வாங்க அவன் கை நீட்டியபடியே இருந்தது.

இனிச் சொல்ல ஒன்றுதான் மிச்சம். சொன்னால் இந்தத் தெருவில் அவன் தலைகாட்ட முடியாது.

"ஏஜென்ட்டுன்னு யாரும் இல்லை மதினி. இந்தப் படம் எங்க அச்சாபீஸ்ல கழிச்சுப் போட்டது. ஒங்களை ஏமாத்துறது எந்தம்பிதான்."

சின்னத்தாய் என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். "அப்படியா தம்பி?" என்றாள், மெதுவாக.

அவன் தலை தொங்கிப்போயிற்று. இல்லை என்று ஒரே ஒரு பொய் சொல்லடா என் சாமி, நான் நம்பிக்கொள்கிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் வாயைத் திறக்கவே இல்லை.