ஒரே ஆழத்தில் இரண்டு எண்கள்

முக்குளிப்பவர்கள் ஆழம் பார்க்கும் இரண்டு டைவ் கம்ப்யூட்டர்களையும் ஒரே கயிற்றில் சேர்த்துக் கட்டிப் படகின் ஓரமாக இறக்கினால், இரண்டும் ஒரே ஆழத்தைத்தான் காட்டின. ஆனால் ஒன்றை அவன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, மற்றதைச் சகலை தன் காற்றுக்குழாயின் நுனியில் மாட்டிக்கொண்டு, இருவரும் கப்பலின் அடியில் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தால், மணிக்கட்டில் இருந்தது ஒன்றரை மீட்டர் குறைத்துக் காட்டியது. பாட்டரி மாற்றிப் பார்த்தான். ஆளுக்காள் மாற்றிப் போட்டும் பார்த்தார்கள். யார் கட்டினாலும் கையில் இருப்பதுதான் குறைத்துச் சொன்னது. இத்தனைக்கும் ஒரே கம்பெனி, உள்ளே ஒரே பொறி, வெளிக்கூடு மட்டும்தான் வேறு.

கப்பலின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவது அவர்கள் வேலை. ஆழத்தில் சுவாசிக்கும் காற்று உடம்பில் கரைகிறது, சோடாவில் வாயு கரைந்திருப்பதைப் போல. ஆழமும் நேரமும் கூடக் கூட அதிகம் கரையும். மூடியைத் திறந்ததும் சோடா பொங்குகிறதே, அதேபோல அளவுக்கு மீறிக் காற்று கரைந்தவன் மேலே வந்தால் உடம்புக்குள் குமிழி கிளம்பி மூட்டுகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்வதற்குத்தான் அந்தக் கருவி. ஆழத்தைக் குறைவாக எண்ணிக்கொண்டால், நிமிடங்களை அது தாராளமாக அள்ளிக் கொடுத்துவிடும்.

இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்படி கடைக்காரர் கொடுத்திருந்தார். கையில் கட்டுவதா, குழாயில் மாட்டுவதா என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாங்கிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், குழாய்க்கட்சி. ஒரு சிலிண்டர் காற்றை வைத்துக்கொண்டு நெடுநேரம் ஓட்டுவார் என்பதால் படகில் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். அப்படிப்பட்டவர் இப்போதெல்லாம் தன் கருவி சொன்னது என்று அவனுக்கு முன்பே மேலே வந்துவிடுகிறார்.

"வேலைன்னா மட்டும் உங்களுக்கு நேரம் சீக்கிரம் முடிஞ்சிடுதே சகல."

"உன்னுது உன்மேல ரொம்பப் பிரியமா இருக்குப்பா. மேல போன்னு சொல்லவே மனசு வரல அதுக்கு."

அவன் சிரித்துக்கொண்டே இடது தோளைப் பிடித்துவிட்டான். அதற்குள்ளே, எலும்போடு எலும்பாக, பல்வலியைப் போல ஒரு வலி இருந்தது. முந்தின நாள் மாலையிலிருந்து இருந்தது. கை சொல்லும் கணக்கு சரியென்றால் அது வெறும் சுளுக்கு. குழாய் சொல்வது சரியென்றால் அது குமிழி. குமிழி என்றால் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், எத்தனை நாளைக்கு என்றும் சொல்லமாட்டார்கள். அதனால் கையில் கட்டுவதே மேல் என்று முதலாளியிடம் சொல்ல அவனுக்கு நாக்கின் நுனிவரை வந்தது. வந்து நின்றது, வெளியே வரவில்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலைத் திறந்தான், காற்று வருகிறதென்று மூடினான்.

"என்னங்க, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள் மனைவி. "தோளுக்கு என்ன?"

"ஒருக்களிச்சுப் படுத்துட்டேன்."

"கிளம்புங்க. எனக்கு இன்னைக்குப் பிரஷர் பார்க்கணும்."

மருத்துவமனையில் நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றினார். அவள் பக்கத்திலிருந்த தோளுயர அலமாரியின் மேல் கையைச் சாவகாசமாக நீட்டி வைத்தாள். நர்ஸ் அதைப் பிடித்துக் கீழே மேசைக்கு இறக்கினார்.

"நெஞ்சு மட்டத்துல வைங்கம்மா. கையத் தூக்கி வெச்சா குறைச்சுக் காட்டும்."

அவன் தன் இடது கையைப் பார்த்தான். கப்பலின் அடியில், தண்ணீர் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கைப்பிடியை மேலே கப்பல் தகட்டில் ஒட்டவைத்து இடது கையால் தொங்கிக்கொண்டுதான் வலது கையால் சுரண்டுவார்கள். கையில் இருக்கும் கருவி தலைக்கும் மேலே. குழாயில் இருப்பது இடுப்புக்கும் கீழே ஆடிக்கொண்டிருக்கும். இரண்டுமே தாம் இருக்கும் இடத்தின் ஆழத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. காற்று கரைகிற நெஞ்சு நடுவில் இருந்தது, அதன் ஆழத்தைக் கேட்பார்தான் இல்லை.

"இது படுத்ததால வந்த வலி இல்ல," என்றான்.

மனைவி பட்டையோடு திரும்பினாள். "எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

அவள் பட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு, டாக்டரின் கதவைத் தட்டாமலேயே திறந்தாள். அன்றே அவனை காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழியைக் கரைக்கும் அழுத்த அறை உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் அவன் படகில் வந்து உட்கார்ந்தான், இறங்க அனுமதி இல்லாமல். வலி போய்விட்டதா, ஒளிந்திருக்கிறதா என்று தோளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கடைசியா எதத்தான் வாங்கச் சொல்ற?" என்றார் சகலை. "குழாய்தானே?"

"குழாய் ஆழத்தக் கூட்டிச் சொல்லி உங்கள முன்னாடியே கிளப்பிவிடுது. சிப்பியிலயும் போய்ச் சிக்கும். கைல கட்டறதுதான். ஆனா கைல இல்ல."

கையில் கட்டும் கருவியை எடுத்து, சகலையின் சிலிண்டர் வாரில், இடது நெஞ்சின் மேல் வைத்துப் பட்டையை இறுக்கினான். மோவாயைத் தாழ்த்தினால் அவருக்கு நேராகத் தெரியும்படி எண்களைத் தலைகீழாகத் திருப்பினான். சகலை குனிந்து பார்த்தார், தலையாட்டினார், பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வரத் தொடங்கின. கை எங்கே போனாலும் கருவி நெஞ்சு மட்டத்திலேயே இருந்தது.