சண்முகலிங்கத்துக்குத் திறக்காத கதவுகள்

சண்முகலிங்கம் நான்காவது தேர்தலிலும் தோற்றார். மறுநாள் காலையிலிருந்து தானாகத் திறக்கும் கதவுகள் அவருக்குத் திறப்பதை நிறுத்திக்கொண்டன. முதலில் ஃபின்ச் வீதி மரக்கறிக் கடை, பிறகு வங்கி, அதன்பின் நூலகம். கண்ணாடிக்கு முன்னால் கையை ஆட்டினார், பின்னால் போய்த் திரும்பி வந்தார், ஒருமுறை சிறிது துள்ளியும் பார்த்தார். பொதுக் கழிப்பறைக் குழாய்களும் அவருடைய கைக்குத் தண்ணீர் விடவில்லை. கைப்பிடி வைத்த கதவுகளோடு ஒரு தகராறும் இல்லை. மரக்கறிக் கடைக்காரர் கதவு திருத்தும் றொய்சனைக் கூப்பிட்டார். றொய்சன் ஏணியில் ஏறி, கதவின் கண்ணைக் கழற்றித் துடைத்துப் பூட்டிவிட்டு இறங்கினார். “அங்கிள், மெஷினிலை ஒரு பிழையும் இல்லை. அது உங்களைக் காணேல்லை,” என்றார். “இருநூற்றிப் பதினொரு பேர் கண்டவை,” என்றார் சண்முகலிங்கம். அவருக்கு விழுந்த வாக்குகள் அவ்வளவு.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். ஊரைவிட்டு இந்தப் பனிநாட்டுக்கு வந்து பாண் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் மா பிசைந்து, அங்கேயும் சங்கம் அமைத்தவர். எல்லாமும் எல்லாருக்கும் பொதுவாக வேண்டும் என்பது அவருடைய கட்சி. அதற்கு ஒரு பெயர் இருந்தது. வாக்குச்சீட்டைத் தவிர வேறெங்கும் எவரும் அதை வாசித்ததில்லை. கதவுகளை அவர் பெரிதுபடுத்தவில்லை. யாராவது உள்ளே போகும்போது ஒட்டிக்கொண்டு போனார். தை மாதம் அதுவும் நின்றது. முன்னே போனவரின் முதுகுக்கும் இவருடைய மூக்குக்கும் நடுவே கதவு வந்து மூடியது. மனைவி புனிதவதியோடு சேர்ந்து போனாலும் புனிதவதி உள்ளே, அவர் வெளியே. அப்போதுதான் பயந்தார். புனிதவதிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுது. செவ்வாய், வியாழன், சனி, ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கணவர் கையைப் பிடித்தால் மட்டுமே புனிதவதி ஊசிக்குக் கை நீட்டுவார். ஆஸ்பத்திரிக் காவலாளி இரண்டு தரம் கதவைக் கையால் இழுத்துப் பார்த்தார். கதவு அசையவில்லை.

பனி கொட்டிய ஒரு வியாழக்கிழமை புனிதவதி ஊசி வேண்டாம் என்று எழும்பி, கணவரைத் தேடி வாசல்வரை நடந்து வந்தார். வாசலுக்குப் பத்தடி இருக்கையில் தலை சுற்றி நிலத்தில் சரிந்தார். சண்முகலிங்கம் கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தார். உள்ளே எவரும் திரும்பவில்லை. அந்த நேரம் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு அன்ஸார் வந்தார். வீடுகளில் சூடாக்கி இயந்திரம் திருத்துபவர். அதே தொகுதியில், அதே தேர்தலில், அரசாங்கம் எதிலும் கை வைக்கக்கூடாது என்ற கட்சிக்காக நின்று, இருநூற்றி ஒன்பது வாக்கு எடுத்துத் தோற்றவர். மகள் முர்ஷிதா அந்த ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். சண்முகலிங்கமும் அன்ஸாரும் கடைசியாக முகம் பார்த்து ஐந்து மாதம். நூலகத்தில் நடந்த வேட்பாளர் கூட்டத்தில் இவர்களுக்கு மேடையில் கதிரை போடவில்லை. கடைசி வரிசையிலிருந்து இரண்டிரண்டு நிமிடம் பேச விட்டார்கள். இந்த ஆஸ்பத்திரியை ஒழுங்காக நடத்தத் தெரிந்தவனுக்கு விற்றுவிட வேண்டும் என்று அன்ஸார் தம்முடைய இரண்டு நிமிடத்தில் சொன்னார். முதலாளிமாரின் செருப்பு என்று சண்முகலிங்கம் தம்முடைய இரண்டு நிமிடத்தில் அவரைச் சொன்னார்.

“தள்ளி நில்லுங்கோ தோழர். உது உங்களுக்குத் திறக்காது.”

“முதலாளிக்கு மட்டும் திறக்குமோ?”

“எனக்கும் திறக்கிறேல்லை. மகளுக்குப் போன் அடிச்சு வெளியாலை கூப்பிட்டுத்தான் சாப்பாடு குடுக்கிறனான்.”

சண்முகலிங்கம் மறுபடி கண்ணாடியில் அடிக்கப் போனார். அன்ஸாரும் அடிக்க வந்தார். இருவரின் தோளும் பட்டன. கதவு திறந்தது.

அன்று, விழுந்து கிடந்தவரைத் தூக்கி மேலே கொண்டுபோன அவசரத்தில், நன்றி சொல்ல நேரம் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை, அன்ஸாரின் வான் வண்டியில் எழுதியிருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்து, நாளைக்குப் பன்னிரண்டரைக்கு வர முடியுமா என்று கேட்டார். அன்ஸார் வந்தார். அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் சனியும் வந்தார். நாலரைவரை உள்ளேயே காத்திருந்து, சேர்ந்தே வெளியே வந்தார். வாகனத் தரிப்பிடத்திலிருந்து வாசல்வரை வாக்குவாதம். மகளுக்குச் சம்பளம் தருவது எந்த முதலாளி என்று இவர் கேட்பார். மூடிக்கிடக்கும் அரசாங்கச் சீமெந்து ஆலை இப்போது எத்தனை மூட்டை போடுகிறது என்று அவர் கேட்பார். கதவு இரண்டு கட்சிக்காரரையும் ஒன்றாக உள்ளே விட்டு மூடிக்கொள்ளும். பங்குனியில் ஒருநாள், குளிருக்கு ஒதுங்கி வாசல் மண்டபத்தில் படுத்திருந்த ஒருவரைக் காவலாளி எழுப்பி அடையாள அட்டை கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். ஆஸ்பத்திரி எல்லாருக்கும் பொது என்றார் சண்முகலிங்கம். சும்மா கிடக்கிற மனிதனிடம் அட்டை கேட்க எந்தச் சீருடைக்கும் உரிமையில்லை என்றார் அன்ஸார். காவலாளி யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் போய்விட்டார். மேலே போகும்போது அன்ஸார் ஒன்று சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஆயுத இயக்கம் ஒலிபெருக்கி கட்டி, முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று அறிவித்தபோது அவருக்குப் பதினான்கு வயது. சந்தியில் துவக்கோடு நின்றவன் அவருடைய உம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்தான். அன்றைக்குப் பிறகு ஆள வந்த எவனையும் அவர் நம்பியதில்லை. சண்முகலிங்கம் அப்போது யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார். அறிவிப்பைக் கேட்டார். சங்கக்காரர் பத்துப் பேர் கூடிக் கதைத்துவிட்டு, பயத்தில் கலைந்து போனார்கள். அதை அன்ஸாரிடம் சொன்னார். “தெரியும், அண்ணை,” என்றார் அன்ஸார். அதுவரை அவர் அண்ணை என்று சொன்னதில்லை.

அடுத்த மாசியில் மாகாணத் தேர்தல் வந்தது. வேட்பாளராகத் தொகுதி வாக்காளர் இருபத்தைந்து பேரின் கையெழுத்து வேண்டும். இருவரும் மரக்கறிக் கடைக்கு வெளியே பனியில் நின்று சேர்த்தார்கள். சண்முகலிங்கத்தின் தாளில் முதல் கையெழுத்து அன்ஸாருடையது, அன்ஸாரின் தாளில் சண்முகலிங்கத்துடையது. தேர்தல் அலுவலர் இரண்டு தாளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். இரண்டு பெரிய கட்சிகளுக்கும் அந்தமுறை இழுபறி. அவற்றில் ஒன்றுக்காக வீடு வீடாகத் திரிந்த றூபன் சண்முகலிங்கத்தைத் தேடி வந்தார்.

“அங்கிள், விலத்திக்கொண்டு எங்களோட ஒரு படம் எடுங்கோ. உங்கட இருநூறும் எங்களுக்கு வேணும்.”

“எனக்கு என்ன வரும்?”

றூபன் தன் கோட்டிலிருந்த, சின்னம் பதித்த கட்சிப் பின்னைக் கழற்றி அவருக்குக் குத்திவிட்டு, மருந்துக் கடை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்தது. விலத்தல் கடிதத்துக்குச் சனிக்கிழமை மாலைவரை நேரம் இருந்தது.

சனிக்கிழமை அவர் அன்ஸாருக்குப் போன் எடுக்கவில்லை. கட்சிப் பின்னைக் குத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் தனியாகப் போனார். பதினேழு மாதத்தில் முதல் தரம் ஒரு கதவு அவர் ஒருவருக்கென்று திறந்தது. மனதுக்கு நன்றாக இருந்தது என்பதை அவர் பின்னர் மறைக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுப் புனிதவதியின் கையைப் பிடித்தார். புனிதவதி மற்றக் கையை ஊசிக்கு நீட்டவில்லை.

“என்ன உது, கோட்டிலை?”

சொன்னார்.

“அன்ஸார் தம்பி எங்கை?”

“இனி அவரைக் கரைச்சல் குடுக்கத் தேவையில்லை.”

“நாப்பத்திரண்டு வருசம் ஒரு மனுசனோட சண்டை பிடிச்சுப் பழகியிட்டன். இந்த வயசிலை புதுசா ஒராளை என்னாலை ஏலாது. கழட்டும்.”

தாதி ஊசியோடு காத்திருந்தாள்.  சண்முகலிங்கம் பின்னைக் கழற்றி, பாவித்த கையுறை போடும் குப்பைக்கூடையில் எறிந்தார். புனிதவதி கையை நீட்டினார்.

நாலரைக்குத் தாதி புனிதவதியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். அவர்களுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. தாதிக்கு மேலே வேறு நோயாளிகள்; வாகனம் வரும் என்று நினைத்து விட்டுவிட்டு, ஊழியர் வாசலால் திரும்பினாள். வாகனத்தின் திறப்புச் சாவி சண்முகலிங்கத்தின் பையில் இருந்தது; சண்முகலிங்கம் கண்ணாடிக்கு உட்பக்கம் இருந்தார். அன்ஸாருக்குப் போன் எடுத்தார். அன்ஸார் ஒரு கேள்வி கேட்டார்.

“நான் இல்லாமல் எப்பிடி உள்ளுக்கை போனனீங்கள்?”

“கட்சிப் பின் குத்திக்கொண்டு.”

“அதைக் குத்திக்கொண்டு வெளியிலை வாங்கோவன்.”

“குப்பையிலை போட்டிட்டன்.”

போன் நின்றது. புனிதவதி வெளியே சால்வையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஏழாவது நிமிடம் வான் வந்தது. அன்ஸார் முதலில் தன் கோட்டைக் கழற்றிப் புனிதவதிக்குப் போர்த்தினார். பிறகு வாசலுக்கு வந்தார். அதுவரை எந்தக் கதவுக்கும் அவர்கள் தோளோடு தோளாகத்தான் நின்றிருந்தார்கள். இப்போது நடுவில் கண்ணாடி. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, முகத்துக்கு முகம். அன்ஸார் இன்னும் ஓரடி முன்னால் வந்தார். சண்முகலிங்கமும் வந்தார். மூச்சு இரண்டு பக்கமும் கண்ணாடியில் படிந்தது. கதவு திறந்தது.

“விலத்தல் கடிதம் குடுத்தாச்சோ?”

“இல்லை.”

“அப்ப இந்தமுறையும் நிக்கிறீங்கள்.”

“நிக்கிறன். உம்மடை கட்சி இந்த ஆஸ்பத்திரியை விக்க நான் விடமாட்டன்.”

“வித்திருந்தால் கதவாவது ஒழுங்கா வேலை செய்திருக்கும்.”

“குளிருது,” என்றார் புனிதவதி. “வானிலை ஏறிப்போட்டுச் சண்டை பிடியுங்கோ.”

அந்தத் தேர்தலில் சண்முகலிங்கத்துக்கு முந்நூற்றி நாலு வாக்கு, அன்ஸாருக்கு முந்நூற்றி ஆறு. றூபனின் கட்சி தொண்ணூறு வாக்கால் தோற்றது. அவர் சண்முகலிங்கத்தோடு பேசுவதில்லை. மறுநாள் காலை கதவுகள் இருவரையும் தனித்தனியே காணவில்லை. எவரும் றொய்சனைக் கூப்பிடவில்லை. நூலகத்துக்கும் வங்கிக்கும் சேர்ந்து போகிறார்கள், பெரும்பாலும் சத்தத்தோடு. மருந்துக் கடையில் சண்முகலிங்கத்தின் சலரோக மாத்திரையையும் அன்ஸாரின் பிரஷர் மாத்திரையையும் ஒரே நாளில், ஒரே பையில் போட்டு வைக்கிறார்கள்.