சாட்சிக்கு ஒரு ஆண்

அக்காவுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஆண். அவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், வேலை வெட்டி வேண்டாம். இரத்த உறவாக இருக்க வேண்டும், அவளுடைய மதத்தைச் சேர்ந்தவனாக இருக்க வேண்டும், மீசை முளைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அப்படி ஒருவன் நீதிமன்றத்தில் நின்று, இவள் தன் மகளை வளர்க்கத் தகுதியானவள் என்று சொல்லிவிட்டால் மகள் தாயிடமே இருப்பாள். சொல்ல ஆளில்லை என்றால், ஒன்பது வயது முடிந்த அன்று பெண் குழந்தை தகப்பன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். கல்யாணம், விவாகரத்து, குழந்தை மூன்றையும் அந்த நாட்டில் அவரவர் மதச் சட்டம்தான் தீர்மானித்தது. நீதிமன்றம் அதன்மேல் முத்திரை குத்தியது.

அக்காவுக்கு அப்பா இல்லை. சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமா என்று யாரும் இல்லை. இருந்தது ஒரே தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக்.

"உங்க மதம்?" என்று வக்கீலம்மா அவனைக் கேட்டார்.

"இல்லை."

"இல்லைன்னா, கோயில் குளம்னு போறதில்லையா?"

"பதிவிலேயே இல்ல. ஆறு வருஷம் முன்னாடி எடுத்துட்டேன்."

வக்கீலம்மா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். அதைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

மதத்தைப் பதிவிலிருந்து நீக்கியதற்கு அரசாங்கம் தந்த சான்றிதழை அவன் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தான். மற்ற வீடுகளில் சாமி படம் இருக்கிற இடம் அது. "சாமி இல்லேங்கறதுக்கும் ஒரு படமாடா? அப்படியே ஊதுபத்தியும் கொளுத்திடு" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள். அவன் கண்டுகொள்ள மாட்டான். வாழ்க்கையில் யார் தயவும் இல்லாமல் அவன் செய்த ஒரே காரியம் அது.

"சட்டத்தோட கண்ணுல நீங்க உங்க அக்காவுக்கு யாருமே இல்ல" என்றார் வக்கீலம்மா.

"ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க."

"வயிறெல்லாம் கணக்குல வராதுங்க. உங்க அத்தானோட வக்கீல் முதல் கேள்வியே இதைத்தான் கேப்பார்."

"அவ பெத்த பொண்ணு. பெத்தவளே சொன்னா பத்தாதா?"

"கேட்டுப்பாங்க. ஆனா ஒரு ஆம்பள வாய் அதை உறுதி பண்ணணும்." அத்தான் தரப்பு மனுவை அவர் புரட்டினார். "இவங்க பஸ் ஓட்டறதைத்தான் பெருசா எழுதியிருக்காங்க. தினமும் நாப்பது அந்நிய ஆண்களோட பிரயாணம் பண்றாங்களாம்."

"அவங்க பின்னாடி உக்காந்திருக்காங்க. நான் ரோட்டைப் பாத்துட்டிருக்கேன்" என்றாள் அக்கா.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "ஒரு வழி இருக்கு. திரும்ப மதத்துல சேர்ந்துடுங்க. மத மன்றத்துல அஞ்சு நிமிஷ வேலை."

மறுநாள் மதியம் அவன் பணிமனைக்குப் போனான். ஓய்வில் நின்றிருந்த தன் பஸ்ஸில், ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்னிருக்கையில் வாலு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அக்காவின் மகளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பள்ளி அரைநாள்தான் என்றால் அவளுக்கு அம்மாவின் பஸ்தான் வீடு.

"சேர்ந்துடறேன்க்கா" என்றான்.

"வேண்டாம்."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. நன்றி சொல்வாள், கொஞ்சம் அழுவாள் என்று நினைத்து வந்திருந்தான்.

"எனக்காக நீ பொய் சொல்லலாம். வீட்டு ஓனர்கிட்ட சொல்லு, போலீஸ்கிட்ட சொல்லு. கடவுள் பேர்ல சொல்லாதே."

"இல்லாத ஆள் பேர்லதானே சொல்றேன்? அவருக்கு வலிக்கவா போகுது?"

"உனக்கு இல்ல. எனக்கு இருக்காரு." டப்பாவை மூடினாள். "நான் தினமும் ரெண்டு வேளை அவர்கிட்ட பேசுறவ. பொண்ணை வச்சுக்கறதுக்காக உங்க பேர்ல ஒரு பொய் சொல்ல வச்சேன்னு அவர்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்லுவேன்?"

"அப்போ அனுப்பிடறியா?"

அக்கா ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"பொய்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த மன்றத்துல இருக்கறவருக்கும் தெரியும். சட்டம்தான் அது போதும்ங்குது. நான் என்ன பண்ண?" என்றான் அவன்.

"நீ அன்னிக்கு அந்தச் சான்றிதழ் வாங்கறப்போ என்னைக் கேட்டியா?"

"என் மனசுல இருக்கறதை உன்கிட்ட கேட்டுட்டா எழுதணும்?"

"கேக்க வேண்டாம். அதையேதான் நானும் சொல்றேன். இப்பவும் எனக்காக மாத்தி எழுதாதே."

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவனை எரிச்சல்படுத்தியது. தன் நம்பிக்கை தன் சொந்த விஷயம் என்று நினைத்துத்தான் அவன் மதத்தை விட்டு வெளியே வந்தான். சட்டம் அப்படி நினைக்கவில்லை. அவன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறியதும், உள்ளே இருந்தவளுக்கு வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. அக்காவோ கடவுளை நம்புகிறவள். கடவுளுக்கும் இந்தத் தாழ்ப்பாளுக்கும் சம்பந்தமில்லை என்று அவனைவிட உறுதியாக நம்புகிறவள்.

வாலு தலையை நீட்டினாள். "அப்பா வீட்டுக்குப் போயிட்டா உன் பஸ் அந்தப் பக்கம் வருமாம்மா?"

"வராது. அது வேற ரூட்டு."

"சரி" என்று சொல்லிவிட்டு வாலு மறுபடி எழுத உட்கார்ந்தாள்.

அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அவன் மன்றத்துக்குப் போனான். வேண்டாம் என்று சொன்ன அக்கா, வாலுவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கூப்பிடாமலே கூட வந்தாள்.

மன்றத்தின் அலுவலகம் நாலாவது மாடியில். லிஃப்டில் ஏறியதும் அவன் கண் வழக்கம்போல பித்தான் பலகைக்கு மேலே போனது. எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாசகம் ஒட்டியிருந்தது. 'இறைவன் தாங்குவான்.' இரண்டாவது மாடியில் நாலு பேர் கூடுதலாக நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். கேபின் முனகியது.

மன்றப் பெரியவர் கலகலப்பான மனிதர். "வாங்க. வழி தவறிப் போய்த் திரும்பினவரா, வேலையா வந்தவரா?"

"ரெண்டும்தான்."

"நல்லது." அக்காவைப் பார்த்தார். "அம்மா வெளியில இருக்கட்டும். உள்ளே பெண்கள் வர்ற வழக்கம் இல்ல."

அக்கா வெளியே நின்றாள். கதவு சரியாகச் சாத்தாமல் ஒரு விரல் இடைவெளி இருந்தது.

"முழு மனசோட நம்புறீங்களா?"

"நம்புறேன்."

"முகத்தைப் பார்த்தாலே தெரியுதே" என்றார் பெரியவர். அவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. "ஒரு விஷயம். வழக்கு முடிஞ்சதும் நழுவிடறவங்க உண்டு. நீங்க போனா சாட்சியும் கூடவே போயிடும். பொண்ணுக்குப் பதினெட்டு ஆகிற வரைக்கும் வாரா வாரம் இங்கே வழிபாட்டுல உங்களைப் பாக்கணும். நான் பாக்கலேன்னாலும் உங்க அத்தான் வீட்டுக்காரங்க பாப்பாங்க."

வக்கீலம்மா இதைச் சொல்லவில்லை. வாலுவுக்கு ஒன்பது முடியப்போகிறது; இன்னும் ஒன்பது வருஷம். அவன் தலையாட்டினான்.

உறுதிமொழியைப் பார்த்துப் படிக்கக் கூடாது, மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் கற்றதுதான். முதல் மூன்று வரி தடையில்லாமல் வந்தது. நாலாவது வரியின் வாசலில் நாக்கு நின்றுவிட்டது. பெரியவர் காத்திருந்தார். எடுத்துக்கொடுக்க அவருக்கும் அனுமதி இல்லை.

கதவிடுக்கு வழியாக அந்த வரி வந்தது. பள்ளிக்கூட நாட்களில் அவன் திணறும்போதெல்லாம் எடுத்துக்கொடுத்த அதே தாழ்ந்த குரல். அவன் பிடித்துக்கொண்டான். அடுத்த வரிக்கும் அவள்தான் தொடங்கினாள். கடைசிவரை இருவருமாகத்தான் சொல்லி முடித்தார்கள்.

பெரியவர் கதவின் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அறையில் பெண்ணின் குரல் கணக்கில் கிடையாது. கணக்கில் இல்லாத ஒன்றைக் கேட்டதாகவும் சொல்ல முடியாது.

வழக்கு சீக்கிரமே முடிந்தது. அத்தான் மறைநூலின்மேல் கை வைத்து, மகளை ஒரு நாளும் மறந்ததில்லை என்றான். அவள் எந்த வகுப்பு என்று கேட்டதற்குத் தன் வக்கீலைப் பார்த்தான். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. தகப்பனுக்குத் தகுதி கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. மெக்கானிக் அதே நூலின்மேல் கை வைத்து, அக்கா தகுதியானவள் என்ற தன் ஒரு வரியைச் சொன்னான். மன்றத்திலும் இங்கேயும் அவன் சொன்னதில் அந்த வரி மட்டும்தான் உண்மை. தீர்ப்பை வாசித்த நீதிபதி ஒரு பெண். அவருடைய தீர்ப்பு செல்லும். அதே கூண்டில் ஏறித் தன் தங்கைக்காக அவர் சாட்சி சொன்னால் அது செல்லாது. வாலு அம்மாவிடமே இருக்கலாம் என்று வாசித்துவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

சான்றிதழைக் கழற்றிப் பரண்மேல் போட்டான். ஆணியைப் பிடுங்கவில்லை.

வாரா வாரம் நாலாவது மாடிக் கூடத்தில் கடைசி வரிசையில் அவன் உட்கார்ந்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், அக்காவும் வாலுவும். முதல் சில வாரம் அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே சொன்னாள், "அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அதை உன்கிட்ட சொல்லுவாங்களா? போடா."

அன்று வழிபாடு முடிந்து கூட்டம் லிஃப்டுக்குள் முண்டியடித்தது. கூடத்தில் தடுப்பு உண்டு, லிஃப்ட் ஒன்றே ஒன்றுதான். அதனால் அதில் மட்டும் எல்லோரும் கலந்து நின்றார்கள். பித்தான் பலகையோடு நசுங்கி நின்ற வாலு, வாசகத்தை விரலால் தடவினாள்.

"மாமா, இதுக்கு அடியில எழுத்து மேடா இருக்கு. என்ன அது?"

"எட்டுப் பேர்னு போட்டிருக்கும்."

வாலு எண்ணினாள். "நாம பதினோரு பேர்."

அவன் கை நீட்டி வாசகத்தின் முனையைப் பிடித்து இழுக்கப் போனான்.

"கிழிக்காதே" என்றாள் அக்கா. அவன் கையை விலக்கினாள். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, புண்ணிலிருந்து கட்டுப் பிரிப்பதுபோல மெல்ல உரித்தாள். வாசகம் முழுசாக வந்தது. அதை ஒரு சாண் கீழே ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டாள். மேலே தகடு வெளியே வந்திருந்தது. எட்டுப் பேர்.

யாரும் அசையவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். அக்கா கதவு மூடாமல் பித்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்களிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"மூணு பேர் இறங்குங்க. இல்லேன்னா வண்டி நகராது."

முதலில் இறங்கியவன் மெக்கானிக். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். கதவு மூடியது. கேபின் முனகாமல் கீழே போகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அவன் படிக்கட்டுப் பக்கம் நடந்தான்.