படியில் விழும் பெண்கள்

சோளமாவு டப்பாவுக்குள் கையை விட்ட டெல்மர், கணக்குப் புத்தகத்தை வெளியே எடுத்தான். மாவைத் தட்டி அட்டையைப் பார்த்தான். விறகடுப்பைத் திறந்து உள்ளே திணித்தான்.

"எத்தன புத்தகத்தத்தான் எரிக்கிறது ரெட்டா? ஒனக்கு வெக்கமே இல்லையா?"

ரெட்டா அடுப்புக்குள் கையை நீட்டினாள். அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். உதடு கிழிந்தது.

"எங்க குடும்பத்துல ஆம்பள நிலக்கரி வெட்டுவான், பொம்பள ரொட்டி சுடுவா. நீ நர்ஸாகி யாருக்கு ஊசி குத்தப் போற?"

"நாளைக்குத்தான் காலேஜுல கணக்குப் பரீட்சை. எழுதிட்டு வந்துடறேன் டெல்மர்."

"எழுதுவியா? எந்தக் கையால?"

அவளது வலது கையை மேசைமேல் அழுத்திப் பிடித்து, இரும்பு வாணலியால் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

"இப்ப எழுதுடி."

எதிரே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் ஓப்பல் தலை நிமிரவில்லை. "ஆஸ்பத்திரியில படியில விழுந்துட்டதா சொல்லிக்கலாம். மொதல்ல மூஞ்சியக் கழுவு."

எங்கள் மலைப்பள்ளத்தாக்கில் பெண்கள் எல்லாரும் படியில்தான் விழுவார்கள். ஓப்பலின் மூக்கு கோணியதும் படியால்தான். முழங்கால் உயரம்கூட இல்லாத படிகள்! அவற்றைக் கட்டிய தச்சனை இன்றுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. கட்டுப் போட்ட டாக்டரும், "படியா?" என்று மட்டும் கேட்டார். ஓப்பல் தலையாட்டினாள்.

முதல் புத்தகம் எரிந்தபோதே ரெட்டா காகிதத்தை நம்புவதை விட்டுவிட்டாள். ஈர விரலால் துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடியில் கணக்குப் போடுவாள், துடைப்பாள். பிறகு மூடியும் தேவைப்படவில்லை. கரி படிந்த சட்டைகளை அலசிக்கொண்டே பின்னங்களை மனதுக்குள் பிரித்தாள். சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இல்லை. தேறினால் நேராக நர்ஸ் வகுப்பு. தவறினால் பள்ளிக்கூடக் கணக்கிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதற்குள் டெல்மர் அவளைக் கொன்றேவிடுவான்.

மறுநாள் அவன் சுரங்கத்துக்குப் போனபோது வண்டிச் சாவியை ஒளித்துவைக்கவில்லை. ஒடிந்த கையோடு எங்கே போய்விடுவாள் என்ற தைரியம்.

அவள் இடது கையால் ஓட்டிக்கொண்டு போனாள்.

பரீட்சை அறையில் பேனாவும் இல்லை, தாளும் இல்லை. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். சரியான விடைமேல் ஒரு விரலால் அமுக்கினால் போதும். ரெட்டாவுக்கு இது முன்பே தெரியும். டெல்மர் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்தவன் எவனும் இல்லை. அதனால் அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் தலையில்தான் அடித்திருப்பான். அவளும் சொல்லவில்லை.

வலி தோள்வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் முடித்தாள்.

மதிப்பெண்ணைப் பார்த்த அலுவலகப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "நேரா நர்ஸ் வகுப்புலயே சேரலாம்மா. எங்க படிச்சீங்க?"

"வீட்டுல. துணி தொவைக்கிற எடத்துல."

அப்போதுதான் அந்தப் பெண் ரெட்டாவின் கையில் இருந்த கட்டைக் கவனித்தாள். குரலைத் தாழ்த்தினாள். "படியில விழுந்தீங்களா?"

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"இல்ல," என்றாள் ரெட்டா, எல்லாருக்கும் கேட்கும்படி. "என் புருஷன் டெல்மர் வாணலியால அடிச்சு ஒடச்சான். போலீசுக்குப் போன் பண்ணணும். நம்பர நீங்க அமுக்கிக் குடுங்க, நான் பேசறேன்."