பக்கவாட்டில் நகரும் வரிசை

ரயில் வண்டி கிளம்பியதும் நடைமேடையில் இரண்டாம் வரிசை அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து, முதல் வரிசை நின்றிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த நகர்வுக்குள்தான் ஹிரோமு வரிசையை விட்டு வெளியே வந்தார். அவர் மனைவி மிட்சுயோ தூணுக்குப் பின்னாலிருந்து வந்து அவர் விட்ட இடத்தில் நின்றாள். அவர் கையிலிருந்த, குளிருக்குப் பிடித்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலம் அவள் கைக்கு மாறியது. நின்றவர்களில் பாதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் பார்க்காதது போல் இருந்தார்கள்.

மினாமி ஹராதா நிலையத்தில்தான் அந்த ரயில் தடம் தொடங்குகிறது. வண்டி காலியாக வந்து நிற்கும். உட்கார வேண்டும் என்றால் அங்கே ஏறுவதுதான் ஒரே வழி. அடுத்த நிலையத்திலேயே நிற்கத்தான் இடம். ஆகவே ஒவ்வொரு கதவுக்கும் நேராகத் தரையில் மூன்று பட்டைகள் வரைந்திருந்தார்கள். பச்சை, வரப்போகும் வண்டிக்கு. நீலம், அடுத்ததற்கு. மஞ்சள், அதற்கும் அடுத்ததற்கு. ஒவ்வொரு பட்டையிலும் இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். பச்சையில் நின்றவர்கள் ஏறிப் போனதும் நீலம் பச்சைக்கு நகரும், மஞ்சள் நீலத்துக்கு நகரும். யாரும் விசில் ஊதுவதில்லை. முன்னால் நின்றவர் முன்னாலேயே, பின்னால் நின்றவர் பின்னாலேயே. மேசையில் சூப்புக் கிண்ணத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் தள்ளி வைப்பது போல, முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் தள்ளி நின்றுகொள்வார்கள்.

ஹிரோமு வேலையில் இருந்த காலம் முழுவதும் லிஃப்ட் பழுதுபார்த்தவர். எது எதனால் நகர்கிறது, எது எதற்காக நிற்கிறது என்று பார்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. இந்த வரிசைக்கு மோட்டார் இல்லை, கம்பி இல்லை, பொத்தான்கூட இல்லை. அடுத்தவரை முந்தக் கூடாது என்று ஒவ்வொருவரும் நினைப்பது மட்டுமே அதை ஓட்டுகிறது. ஓய்வு பெற்ற பிறகு அவர் கண்ட இயந்திரங்களிலேயே அழகானது இதுதான் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். "அழகா இருக்கட்டும், காலையில சீக்கிரம் கிளம்புங்க" என்றாள் அவள்.

மிட்சுயோ நகரத்துக்குள் ஒரு பெரிய மருத்துவமனையின் சமையலறையில் வேலை பார்த்தாள். வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. கோடையில் உலோக மூட்டு வைக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அவளுடைய ஒப்பந்தம் மார்ச் கடைசியில் புதுப்பிக்கப்பட வேண்டும். அதுவரை சமையலறையில் யாருக்கும் தெரியக் கூடாது. போன வருடம் இரண்டு பெண்களிடம் "நல்லா ஓய்வு எடுத்துட்டு வாங்க" என்று கனிவாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் அடுப்புகளில் இப்போது வேறு ஆட்கள் நிற்கிறார்கள். காலையில் சமையலறை வாசலில் மேற்பார்வையாளர் அம்மாள் ஒவ்வொருவர் கையையும் முகத்தையும் பார்த்து உள்ளே விடுவாள். வண்டியில் உட்கார்ந்து வந்தால் மிட்சுயோவால் அந்த வாசலை நேராக நடந்து கடக்க முடியும். நின்றுகொண்டு வந்தால் கால் இழுக்கும். அந்த வாசலை ஒழுங்காகக் கடப்பதற்குத்தான் இத்தனையும்.

முடியாதவர்களுக்கென்று வண்டியில் தனி இருக்கைகள் இருந்தன. அவற்றில் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உடம்புக்கு முடியாதவர் என்று காட்டப் பையில் மாட்டிக்கொள்ளும் சிவப்பு அட்டை ஒன்றை ஹிரோமு வார்டு அலுவலகத்தில் வாங்கி வந்து மாட்டிவிட்டார். மிட்சுயோ அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சமையலறைப் பெண்கள் இருவர் அடுத்த நிலையத்தில் அதே பெட்டியில் ஏறுவார்கள்.

"எழுந்திருங்கன்னு ஒருத்தர் மூஞ்சியப் பார்த்துக் கேக்கறதுக்குப் பதிலா நான் நொண்டிக்கிட்டே போயிடுவேன்" என்றாள்.

உட்கார இடம் நிச்சயம் வேண்டுமென்றால் மஞ்சளிலிருந்தே நின்று வர வேண்டும். அவ்வளவு நேரம் குளிரில் அவளால் நிற்க முடியாது. எனவே நடைமேடைச் சீட்டு வாங்கி ஹிரோமு நின்றார். ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. அவருக்கு முன்னால் இருந்தவர்களும் மாறவில்லை, பின்னால் இருந்தவர்களும் மாறவில்லை. யாருக்கும் எதுவும் குறையவில்லை. இதைக் கண்டுபிடித்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவருக்கு நேர் பின்னால் எப்போதும் சாம்பல் நிற மஃப்ளர் கட்டிய ஒருவர் நிற்பார். ஐம்பது வயதிருக்கும். பெயர் தெரியாது. குளிர்காலம் முழுவதும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து நின்றவர்கள், ஒருநாளும் பேசியதில்லை.

"சாம்பல் மஃப்ளர் இன்னைக்கு மூச்சு விட்டாருங்க" என்றாள் மிட்சுயோ ஒரு மாலை, கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு.

"குளிர்ல எல்லாரும்தான் மூச்சு விடறாங்க."

"இது அந்த மூச்சு இல்ல. எனக்கு அப்புறம் அவருக்கு உட்கார இடம் இல்லாம போச்சு. சிட்டி வரைக்கும் என் தலைக்கு மேல கைப்பிடியப் பிடிச்சிட்டு நின்னாரு. நான் தூங்கற மாதிரி கண்ண மூடிக்கிட்டேன். நல்லா நடிச்சேனான்னு தெரியல."

"உன் இடத்துல நானே ஏறியிருந்தாலும் அவரு நின்னுதான் வந்திருப்பாரு. கணக்கு ஒண்ணுதானே?"

"கணக்கு ஒண்ணுதான். ஆனா குளிர்ல நின்னது நீங்க, உட்கார்ந்தது நான். குளிர்ல நின்னவருக்குப் பின்னாடி நிக்கறோம்னுதானே அவரு நினைச்சிருப்பாரு?"

தான் அளக்காமல் விட்ட ஒன்றை அவள் அளந்துவிட்டது போல ஹிரோமுவுக்கு இருந்தது. ஆனாலும் மறுநாள் போய் மஞ்சளில் நின்றார்.

அடுத்த வாரம் தூணில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். முயல்கள் வரிசையில் நிற்கின்றன. ஒரு முயல் வெளியே வருகிறது, கைப்பையோடு இன்னொரு முயல் அந்த இடத்துக்குப் போகிறது. பின்னால் ஒரு கரடி கண்ணீர் விடுகிறது. 'ஒருவருக்காக இன்னொருவர் நிற்பதைத் தவிர்ப்போம்' என்று கீழே எழுதியிருந்தது. வெளியே வரும் முயல் பழுப்பு நிறத் தொப்பி போட்டிருந்தது. ஹிரோமு தன் பழுப்புத் தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அதே அறிவிப்பு ஒலிபெருக்கியிலும் வந்தது. வரிசையில் ஒருவர்கூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் பார்க்காமல் இருப்பது முதுகில் நன்றாகவே உறைத்தது.

நிலைய அலுவலகத்தின் சன்னலில் இருந்த இளைஞனிடம் ஹிரோமு போய்க் கேட்டார்.

"ஒருத்தர் போறாரு, ஒருத்தர் வர்றாங்க. எண்ணிக்கை மாறல. இதுல அடுத்தவங்களுக்கு என்ன நஷ்டம்னு தெரிஞ்சிக்கலாமா?"

"ரொம்ப வருத்தங்க ஐயா. உங்களச் சொல்லலைங்க. பொதுவா வச்சதுங்க."

"நான்தான்னு நான் சொல்லவே இல்லையே."

இளைஞனின் காது சிவந்தது. "ரொம்ப வருத்தங்க ஐயா."

"யாரு புகார் குடுத்தது?"

"புகார்னு இல்லைங்க. ஒரு கருத்து வந்துதுங்க."

"ஒரு கருத்துக்கா இத்தனை முயல் வரைஞ்சீங்க?"

"முயல் தலைமை அலுவலகத்துலேர்ந்து வந்துதுங்க. இங்க தொப்பி மட்டும்தான்…" சொல்லிவிட்டுத் தலையை மிகத் தாழ்வாகக் குனிந்தான். குனிந்தபடியே சொன்னான்: "வீட்டுல யாருக்காவது முடியலைன்னா சொல்லுங்க ஐயா. சக்கர நாற்காலியில கூட்டிட்டுப் போய் நாங்களே ஏத்தி விடறோம். இறங்கற இடத்துக்கும் போன் பண்ணி ஆள் நிக்க வைக்கறோம். ஒலிபெருக்கியில சொல்லிட்டுத்தான் கதவ மூடுவோம்."

ஒலிபெருக்கியில் சொல்வார்கள். சாய்தளப் பலகையோடு ஓர் ஆள் இறங்கும் இடத்தில் காத்திருப்பான். சமையலறைப் பெண்கள் இருவரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஹிரோமு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் மிசோ சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"வேலைய விட்டுடு."

"லிஃப்ட் நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க? படியில நடங்கன்னு எழுதி மாட்டிட்டு வீட்டுக்கு வந்துடுவீங்களா?"

"அது இரும்பு."

"கோடையில என் இடுப்பும் இரும்புதானே. அதுவரைக்கும் ஓட விடுங்க." அவள் சிரித்தாள். "நாளையிலேர்ந்து நானே நிக்கறேன். நீங்க பிளாட்பாரத்துக்கு வரக் கூடாது. உங்களப் பார்த்தாலே எல்லாருக்கும் முயல் ஞாபகம்தான் வரும். கைதட்டிக் கூப்பிடறது, வலிக்குதான்னு கேக்கறது, ஒண்ணும் கூடாது. வாக்குக் குடுங்க."

கொடுத்தார்.

அதன்பின் அவர் சைக்கிள் நிறுத்துமிடத்தில், கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். நடைமேடை தரைமட்டத்தில்தான் இருந்தது. சாதாரணமாகப் பேசினாலே காதில் விழும் தூரம். முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. மஞ்சளில் அவள் இடது காலில் எடையைப் போட்டு நிற்பாள். நீலத்துக்கு நகரும்போது ஒரு மூச்சு. பச்சைக்கு நகரும்போது இன்னொரு மூச்சு. கதவு திறந்ததும் ஏறி, மூலை இருக்கையில் உட்கார்வாள். ஒருமுறை சன்னல் வழியாக வேலியைப் பார்த்து, நாக்கைக்கூட நீட்டிக் காட்டினாள். சாம்பல் மஃப்ளர் அவளுக்கு நேர் பின்னால் நின்றார். முன்பைவிட ஒரு கையளவு அதிகம் இடம்விட்டு நின்றார்.

பிப்ரவரி முடியும் சமயத்தில் ஒரு காலை உறைபனி. சைக்கிள் இருக்கைகளெல்லாம் வெள்ளையாக இருந்தன. அன்று மிட்சுயோ இடது பக்க வரிசையில் முதல் ஆள். பச்சைக்கு எப்படியோ நகர்ந்துவிட்டாள். கடைசி அடியில் தோள் ஒரு பக்கம் சரிந்ததை ஹிரோமு பார்த்தார். வண்டி காலியாக, வெளிச்சமாக வந்து நின்றது. கதவு திறந்தது.

வலது பக்க வரிசை ஏறியது. இடது பக்க வரிசை அசையவில்லை.

மிட்சுயோவின் கால் பூட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் யோசிப்பவள் போல நின்றாள். அவளுக்கும் கதவுக்கும் இடையே ஓர் ஆள் தாராளமாக நுழையலாம். பின்னால் சாம்பல் மஃப்ளர். அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். பக்கத்துக் கதவுகளில் ஏறியவர்கள் உள்ளே வந்து இருக்கைகளில் ஒவ்வொருவராக அமர்ந்தார்கள். மூலை இருக்கையில் ஒரு மாணவன் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டான்.

"நீங்க போங்க" என்றாள் மிட்சுயோ, திரும்பாமலே.

"இல்லைங்க. உங்க முறை" என்றார் சாம்பல் மஃப்ளர்.

"கால் கொஞ்சம் மரத்துப்போச்சு. பரவால்ல, நீங்க முன்னாடி போங்க."

"நான் முந்தினா நல்லா இருக்காதுங்க."

அவர் குரலில் குத்தல் இருந்ததா என்று ஹிரோமு காதைத் தீட்டிக் கேட்டார். இல்லை. பயம்தான் இருந்தது. கருத்து சொன்னவர் அவர்தான் என்று வரிசைக்கே தெரிந்திருக்கும். அவளை முந்திக்கொண்டு அவர் எப்படி ஏறுவார்? அவரை முந்திக்கொண்டு அவருக்குப் பின்னால் நிற்பவர் எப்படி ஏறுவார்? சாம்பல் மஃப்ளரின் கை ஒன்று கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்தது. அவள் முழங்கையை நோக்கிக் கொஞ்ச தூரம் வந்து, நின்று, திரும்பப் பைக்குள் போனது.

மெட்டு ஒலிக்கத் தொடங்கியது. கதவு மூடும் முன் ஒலிக்கும் அந்தச் சின்ன, சந்தோஷமான மெட்டு. ஹிரோமுவின் விரல்கள் வேலிக் கம்பியைப் பற்றியிருந்தன. லிஃப்ட் கதவு என்றால் நடுவில் ஒரு கையை நீட்டினால் போதும், திறந்துகொள்ளும். எத்தனை கதவுகளை அவர் அப்படி நிறுத்தியிருக்கிறார். அவளைப் பிடியுங்கள், இடுப்பு சரியில்லை என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். வாயைத் திறந்தார். கொடுத்த வாக்கு அங்கே இருந்தது. வாயிலிருந்து ஆவி மட்டும் வந்தது.

கதவு மூடியது. வண்டி போனது.

இப்போது நீலம் பச்சைக்கு நகர வேண்டும். வலது பக்கம் நகர்ந்தது. இடது பக்கத்தில் ஏற்கெனவே ஆட்கள் நின்றார்கள். நீலத்தின் இடது வரிசை ஒரு கணம் தரையில் இருந்த பட்டைகளைப் பார்த்தது. அந்த வரிசை தடுமாறி ஹிரோமு பார்த்ததேயில்லை. பிறகு முதலில் நின்றவள் ஒருத்தி நடந்து, இடது பக்கத்தின் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றாள். மற்றவர்களும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. யாரும் யாரையும் முந்தவில்லை. சாம்பல் மஃப்ளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார். வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்டது.

அடுத்த வண்டியில் போனால் மிட்சுயோ தாமதமாகத்தான் போய்ச் சேருவாள். மேற்பார்வையாளர் அம்மாள் காரணம் கேட்பாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தாமதமாகப் போகாதவளிடம் கட்டாயம் கேட்பாள்.

அந்த வண்டி வந்தது. அதுவும் காலி. கதவு அவளுக்கு நேராக வந்து நின்று திறந்தது. உள்ளே பச்சை இருக்கைகள் வரிசையாக, மூலை இருக்கை உட்பட, சூடாக்கப்பட்டுக் காத்திருந்தன. வலது பக்கத்து முதல் ஆள் ஓர் அடி எடுத்து வைத்தவர், பக்கத்தில் அசைவில்லாததைக் கண்டு நின்றுவிட்டார். வேலிக்கு வெளியிலிருந்து ஹிரோமு அவளுடைய வலது காலணியின் குதிகாலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அது தரையிலிருந்து ஒரு தாள் கனத்துக்கு எழும்பியது. அல்லது அப்படித் தோன்றியது. அவளுக்குப் பின்னால் நீண்ட வரிசை ஒன்று, இரண்டிரண்டு பேராக, வெள்ளை மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.