எழுந்ததும் அரை மணி

“யார் வீட்டு விளக்கில யார் துணி தைக்கிறது? வாய் இருக்குன்னு என்ன வேணா பேசுவீங்களா?”

தையல்காரி அக்கா போட்ட சத்தத்தில், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்கள் தங்கள் நோயை மறந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா மட்டும் அசையவில்லை.

“ராத்திரியில இதை வெச்சுத் தைச்சீங்கன்னுதான் சொல்றேன். இந்த விளக்குப் பெட்டியில இருக்கிற மீட்டர் பொய் சொல்லாதும்மா. ஒரு மாசத்துல நூத்தி இருபது தடவை எரிஞ்சிருக்கு. ஒரு நாளைக்கு ஒரு தடவைக்குத்தானே கொடுத்தோம்? ‘ஒத்துழைக்கவில்லை’ன்னு எழுதியாச்சு. விளக்கை வெச்சுட்டுப் போங்க.”

தினமும் எதிரே உட்கார்ந்தால் தூக்கம் ஒழுங்குக்கு வரும் என்று ஆஸ்பத்திரி அவள் தம்பிக்கு இரவலாகக் கொடுத்த வெளிச்சப் பெட்டி அது. பட்டாளத்தில் பக்கத்தில் குண்டு வெடித்து, மூளையில் அடிபட்டு வந்தவன். மூன்று வருடமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. மாத்திரைகள் தோற்ற பிறகு டாக்டர் சொன்ன கடைசி வழி இது. இதுவும் போனால் தம்பிக்குத் தூக்கம் போச்சு. அவன் தூங்காதவரை அவனைத் தனியே விட்டுப் போக முடியாது; அக்காவுக்குக் கல்யாணமும் போச்சு. பஸ் ஓட்டுகிற ஒருவர் தைக்கத் துணியே இல்லாமல் அவள் கடைக்கு நாலு வருடமாக வந்து போனது தெருவுக்கே தெரியும்.

“நீயாவது வாயைத் தொறடா! மரம் மாதிரி நிக்கிறே!”

தம்பி பையிலிருந்த காகிதத்தை விரித்து, விறைப்பாக நின்று படித்தான். “‘எழுந்ததும் அரை மணி நேரம் விளக்கின் முன் உட்காரவும்.’ எழுந்தேன், உட்கார்ந்தேன்.”

“எத்தனை தடவைடா எழுந்தே?”

“நாலு. ராத்திரி பன்னெண்டு, ரெண்டு, அப்புறம் விடியக்காலம், சாயங்காலம்.”

ராத்திரியில் தம்பியின் கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சத்தை அறை விளக்கு என்றே அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது அவள் முகம் சிவந்த சிவப்பில் குமாஸ்தா நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

“பட்டாளத்துக்காரன்யா இவன்! எழுதினது எழுதினபடி செய்வான். ‘காலையில மட்டும்’னு எழுதக் கை வலிச்சுதா? நடுராத்திரியில மூஞ்சிக்கு நேரா வெளிச்சம் அடிச்சா பேய்கூடத் தூங்காதே!”

“எல்லாருக்கும் அச்சடிச்ச காகிதம் இதாம்மா…”

“அப்ப எல்லாரும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க!”

வரிசையில் கைத்தடியோடு நின்ற ஒருவர் தன் காகிதத்தை எடுத்துப் படித்தார். “அடப் பாவிகளா!” என்றார்.

அதன்பின் அது அவள் ஒருத்தியின் சண்டையாக இல்லை. டாக்டர் ஓடி வந்து, ‘காலை ஆறரைக்கு மட்டும்’ என்று கைப்பட எழுதினார். ‘ஒத்துழைக்கவில்லை’ என்பதை அடிக்கும்வரை அக்கா பேனாவை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் தம்பி தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்கினான். குமாஸ்தா மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அச்சுக் காகிதம் மட்டும் மாறவில்லையாம். அக்கா பஸ்காரரைக் கட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குக் குடிபோனாள்.